ஒரு டப்பா சல்லடை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பித்தளைக் குழாய் வார்க்கிற பட்டறை ஒன்று கட்டினேன். அதன் பின்பக்கம் பாலிஷ் போட ஒரு கூடம் கட்டினேன். காட்டுப்பாக்கத்தில் மூன்று மாடி வீடு கட்டினேன். அந்த வீட்டில் உள்ள அத்தனை குழாயும் என் பட்டறை அச்சில் பிறந்தவை. அண்ணனூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்து ஓலை வீட்டில் என்னோடு வளர்ந்த தம்பிகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தொழில் அமைத்துக் கொடுத்தேன். மகளை எஞ்சினியருக்குப் படிக்க வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வார்ப்படக் கடையில் மணல் சலித்து, பிறகு பிளம்பராகப் போய், பிறகு ஒரே ஒரு பழைய லேத்தை வைத்துத் தொடங்கி, இவ்வளவையும் இந்த இரண்டு கைகளால் கட்டினேன். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள், நான் பொருத்திய குழாயோ நான் செய்த குழாயோ இல்லாத தெருவைக் காட்டினால் நான் பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கட்டினேன். அது சிமென்டு இல்லை, பித்தளை இல்லை, காகிதம். தண்ணீரை மிச்சப்படுத்துகிற குழாய் என்று எதைச் சொல்லலாம், அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரு தர விதி இப்போது வரைவாக வெளியே வந்திருக்கிறது. அந்த விதியின் முதுகெலும்பு என் பட்டறையில் உருவானது. ஆனால் அந்தக் காகிதத்தில் என் பெயர் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னை அழைத்தது அந்த விதியை எழுதியவர்கள்தான். குழாய், ஷவர், கழிப்பறைத் தொட்டி இவற்றுக்கெல்லாம் பச்சை முத்திரை கொடுக்க ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். பெரிய கம்பெனிக்காரர்கள், பேராசிரியர்கள், ஆய்வகத்தார் என்று எல்லாரும் இருந்தார்கள். சின்ன உற்பத்தியாளர் ஒருவரும் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு படிவம் வந்தது. மகள் அதை நிரப்பினாள். கல்வித் தகுதி என்ற கட்டம் வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அத்த அப்படியே வுட்டுடும்மா. குழாயப் பத்திப் பேசத்தான கூப்புடுறாங்க" என்றேன்.

கட்டம் காலியாகப் போனது. அது எனக்கே திரும்பி வரும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

கூட்டம் தொழிற்பேட்டையிலேயே ஒரு குளிரூட்டிய அரங்கத்தில் நடந்தது. நீளமான கண்ணாடி மேசை. தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாதவர். தண்ணீரைச் சேமிப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர். பாதி குடித்து மூடிய பாட்டில்களை சாயங்காலம் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். அதைக் கூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிமிடத்துக்கு இத்தனை லிட்டருக்கு மேல் கொட்டாத குழாய்க்கு ஒரு நட்சத்திரம், அதைவிடக் குறைவாகக் கொட்டினால் இரண்டு, இன்னும் குறைந்தால் மூன்று என்று திரையில் காட்டினார்கள். எப்படிக் குறைக்கிறார்கள் என்றால், குழாயின் வாயில் சின்னதாக ஒரு வலை போட்டுத் திருகியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கம்பெனிக்காரர்கள் அதை ஏரேட்டர் என்பார்கள். எங்கள் பக்கத்துப் பிளம்பர்களுக்கு அது சல்லடை. அது தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும். குறைந்த தண்ணீரே பெரிய தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு விழும். நட்சத்திரம் முழுவதும் அந்தச் சல்லடையில்தான் இருக்கிறது.

நான் கையைத் தூக்கினேன். "சார், இந்தச் சல்லடைய வூட்ல ஒருத்தனும் வெக்க மாட்டான் சார். மாட்டின அன்னிக்கே கழட்டிடுவான்."

ஒரு கம்பெனிக்காரர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "பெரியவரே, அனுபவத்துல சொல்றீங்க, புரியுது. ஆனா இங்க அபிப்பிராயம் எடுபடாது. ஆதாரம் இருந்தா அடுத்த கூட்டத்துல வைங்க."

ஆதாரம் கேட்டாரா? சரி என்று கிளம்பினேன்.

நேராக நசரத்பேட்டைக்குப் போனேன். அங்கே புதிதாக எழும்பிய ஒரு அடுக்குமாடியில் என் பழைய கூட்டாளி குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். ஆவடிக்காரன், வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஸ்பேனரைத் தொடமாட்டான். நான் பிளம்பராக இருந்த காலத்தில் என்னிடம் வேலை கற்றவன். இன்றைக்கு அவனுக்குக் கீழே பத்துப் பேர். நான் போனபோது குளியலறையில் கழுவு தொட்டிக் குழாயை மாட்டி முடித்தான். முடித்த கையோடு, யோசிக்காமல், குழாயின் வாயைத் திருகிச் சல்லடையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். அடுத்த குழாயிலும் அதே. பை புடைத்துக்கொண்டிருந்தது.

"அத்த ஏண்டா கழட்டுற?" ஆதாரம் அவன் வாயிலிருந்தே வரட்டும் என்று கேட்டேன்.

திரும்பி என்னைப் பார்த்தான். "இன்னா அண்ணாத்தே, புச்சா கேக்குற? இந்த ஊரு போர் தண்ணிக்கு இது ஒரு மாசம் தாங்குமா? உப்பு அடைச்சிக்கும். அப்பால ஊட்டுக்காரம்மா போன போட்டு, இன்னா பிளம்பர் நீ, தண்ணி நூலு மாரி வருதுன்னு என் மானத்த வாங்கும். அதான் மொதல்லயே கழட்டிர்றது."

"எல்லாரும் இப்டித்தான் செய்றீங்களா?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "நல்லா கேட்ட போ! கத்துக் குடுத்தவனே வந்து கேக்குறான் பாரு. பூந்தமல்லி டாக்டரு ஊட்ல மொத மொத இந்தக் குழாய் மாட்ட சொல்ல, கழட்டிப் போட்றா அந்தக் கருமத்தன்னு சொன்னது யாரு? நீதான நைனா! நான் என் ஆளுங்களுக்குச் சொன்னேன், அவனுங்க அவனுங்க ஆளுக்குச் சொன்னானுங்க. இன்னிக்கு ஆவடி முழுக்க அதான் வேல."

எனக்கு ஞாபகம் வந்தது. அவன் சொன்னது உண்மை. டாக்டர் வீட்டு அம்மாள் மூன்று தடவை கூப்பிட்டு அனுப்பினார்; மூன்றாம் தடவை நான் கோபத்தில் சல்லடையைக் கழற்றிச் சாக்கடையில் வீசினேன். அதற்குப் பிறகு ஒரு குழாயிலும் நான் அதை விட்டுவைத்ததில்லை. என்னிடம் வேலை கற்ற ஒவ்வொருவனும் அதையும் சேர்த்துக் கற்றான். இத்தனை வருஷம் இந்தப் பக்கத்து வீடுகளில் வீணாகக் கொட்டின தண்ணீரில் என் கையும் இருக்கிறது. இதை மறைக்க எனக்குத் தெரியாதா? தெரியும். மறைக்கவில்லை.

அவன் பையில் இருந்ததை வாங்கிக்கொண்டேன். அவன் ஆட்களிடம் சொல்லி வைத்தேன். அடுத்த சில வாரங்களில் ஆவடி, அம்பத்தூர், காட்டுப்பாக்கம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சல்லடை வந்தது. புதிது, பழையது, வெள்ளை உப்புப் படிந்து கல்லாய்ப் போனது. பழைய பிஸ்கட் டப்பா ஒன்று நிறைந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் என் முறை வந்ததும் டப்பாவைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தேன். ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம். இரண்டு மூன்று உருண்டு போய்த் தலைவரின் காகிதத்தின்மேல் நின்றன.

"என்ன குப்பை இது?"

"உங்க நட்சத்திரம் சார். எல்லாம் இதுலதான் கீது. ஊட்டுல இல்ல."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆய்வகத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், நாற்பது வயதிருக்கும், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர், உப்புப் பிடித்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஐயா, இதையெல்லாம் யார் கழட்டினது?"

"பிளம்பருங்க."

"ஏன் கழட்டறாங்க?"

"நான் கழட்டச் சொன்னதால."

சொல்லிவிட்டேன். டாக்டர் வீட்டுக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். படித்தவர்கள் பதினைந்து பேர் முன்னால் ஒருவன் தன் தப்பைத் தானே எடுத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியுமா? அவர்களில் ஒருவராவது எந்தக் கூட்டத்திலாவது அப்படி ஒன்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, வழியையும் சொன்னேன். "சல்லடைய வெச்சுக்கினு அளக்காதீங்க. கழட்டிப்புட்டு அளங்க. கழட்டின பிறகும் எந்தக் குழாய் அளவா கொட்டுதோ அதுக்குக் குடுங்க நட்சத்திரம். இன்னொன்னு, உங்க ஆய்வகத்து பம்ப் வேகத்துல அளக்காதீங்க. எங்க ஊருல தொட்டி தலைக்கு மேலயே கீது. அந்த வேகத்துல அளங்க."

"சல்லடையே இல்லாம ஒரு குழாய் எப்படிப் பெரியவரே தண்ணிய மிச்சப்படுத்தும்?" என்றார் கம்பெனிக்காரர்.

"செஞ்சு காட்டுறேன்" என்றேன்.

அந்த ஆய்வகத்து அம்மாள் மறு வாரமே பட்டறைக்கு வந்தார். குழாயைச் சோதிக்க நான் அங்கே நிறுத்தியிருந்த மூன்று தொட்டி அமைப்பைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இரும்பு ஏணியில் ஏறிவிட்டார். அதை நான் ஏன் வைத்தேன் என்றால், தொழில் தொடங்கிய புதிதில் ஆவடிக்காரர் ஒருவர் என் குழாயைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். கடையில் நன்றாகக் கொட்டியது, வீட்டில் சொட்டுகிறது என்றார். போய்ப் பார்த்தால் அவர் தொட்டி குளியலறைக் கூரைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீருக்கு இறங்க உயரமே இல்லை. அன்றிலிருந்து ஒரு தொட்டி கூரை உயரத்தில், ஒன்று அதற்கு மேல் ஒரு மாடி, ஒன்று அதற்கும் மேலே என்று இரும்புச் சட்டம் அடித்து நிறுத்திவைத்தேன். மூன்றிலும் பட்டறைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். என் பட்டறையில் ஒரு குழாய் மூன்று தொட்டியிலும் தேறினால்தான் விற்பனை டப்பாவுக்குள் போகும்.

அம்மாள் இறங்கி வந்து, "ஐயா, இதை எந்தப் புத்தகத்துல பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"நான் எங்கம்மா புத்தகம் பார்த்தேன்? ஆவடிக்காரர் திட்டுனதுல பார்த்தேன்."

சல்லடைக்குப் பதிலாகக் குழாயின் உள்ளேயே, பிளம்பர் கை போகாத இடத்தில், தண்ணீரை அடக்க வேண்டும். முதலில் ஒரு பித்தளை வளையம் வைத்தேன். மேல்தொட்டித் தண்ணீரில் விசில் அடித்தது. துளையைப் பெரிதாக்கினேன், விசில் நின்றது, தண்ணீர் மிச்சமாவதும் நின்றது. பிறகு ரப்பரில் வளையம் வெட்டினேன். தண்ணீர் வேகமாக அழுத்தினால் ரப்பர் பிதுங்கித் துளை சுருங்கும். மெதுவாக வந்தால் தளர்ந்து வழி விடும். மூன்று தொட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்தது. வெளிநாட்டில் இது ஏற்கெனவே உண்டு என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். இருக்கட்டும். நான் வெளிநாட்டைப் பார்த்து வெட்டவில்லை, லாரி டியூபைப் பார்த்து வெட்டினேன். அம்மாள் பல நாள் வந்து உட்கார்ந்து, பக்கெட்டும் கடிகாரமுமாக அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசி நாள், "இனிமே இதுதான் சோதனை ஐயா" என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வரைவு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. இங்கிலீஷ். மகள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் பக்கத்தில் கமிட்டிப் பெயர்கள்.

"நம்ம பேரு?"

"காணோம்ப்பா. கடைசில இருக்கும்."

ஒன்பதாம் பக்கம் வந்தது. மகள் அந்தப் பக்கத்தை இரண்டாம் தடவை படித்தாள்.

"இன்னாம்மா?"

"பயிற்சி இல்லாத உள்ளூர் பிளம்பருங்க அறியாமையால ஏரேட்டரைக் கழட்டிடறாங்கன்னு எழுதியிருக்காங்கப்பா."

பதினான்காம் பக்கம். மூன்று உயரத்தில் மூன்று தொட்டி, சல்லடையைக் கழற்றி, உப்புத் தண்ணீரில் அளப்பது. என் பட்டறைப் படம், அளவு மாறாமல், கோட்டோவியமாக. அதன் கீழே ஒரு வரி: நிபுணர் குழுவின் கண்டுபிடிப்பு. கடைசிப் பக்கத்தில் நன்றி. அரங்கம் கொடுத்தவர்களுக்கு நன்றி. மதிய உணவு ஏற்பாடு செய்தவர்களுக்கு நன்றி. அதோடு முடிந்துவிட்டது.

புரிகிறதா உங்களுக்கு? என் தப்பை எடுத்துக்கொண்டார்கள். என் வழியையும் எடுத்துக்கொண்டார்கள். தப்பை மட்டும் எங்களைப் போன்ற தொழிலாளிக்குக் கொடுத்து, வழியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அறியாமையாம்! உப்புத் தண்ணீரில் அந்தச் சல்லடை ஒரு மாதம் தாங்காது என்று தெரிந்தவன் அறியாதவனா, அது தெரியாமல் நட்சத்திரம் கொடுக்கப் பார்த்தவர் அறியாதவரா? கழற்றியது தப்புதான், நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஏன் கழற்றினோம் என்பதில்தான் அந்த விதியே பிறந்தது. பிளம்பர் கழற்றியிருக்காவிட்டால் அவர்களுக்குப் பதினான்காம் பக்கமே கிடையாது.

திங்கட்கிழமை காலை அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"பெரியவரே, நீங்க உறுப்பினர் இல்ல. சிறப்பு அழைப்பாளர். அழைப்பாளர் பேரு போடற வழக்கம் இல்ல."

"சோறு போட்டவங்க மட்டும் உறுப்பினரா சார்?"

அவர் காபியைக் கலக்கினார். "நீங்க இதைத் தனிப்பட்ட விஷயமா எடுத்துக்கக் கூடாது. இது கூட்டு முயற்சி."

"கூட்டுன்னா எல்லார் பேரும் வரணும். இல்லன்னா ஒருத்தர் பேரும் வரக் கூடாது. ரெண்டுல எது சார் இது?"

என் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆய்வகத்து அம்மாள் அன்று மாலை தானாகவே போன் செய்தார். "ஐயா, நான் முதல்ல எழுதினதுல உங்க பேரு இருந்தது. உறுப்பினராவும் சேர்க்கச் சொன்னேன். தகுதிக் கட்டம் காலியா இருக்கு, நிபுணர்னு எப்படிக் காட்டறதுன்னு எடுத்துட்டாங்க. என்னால நிறுத்த முடியல. மன்னிச்சிருங்க." அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏணியில் செருப்பில்லாமல் ஏறியவர் அவர் ஒருவர்தான்.

கூட்டாளியிடம் சொன்னேன். பட்டறை வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டான்.

"வுடு அண்ணாத்தே. உன் பேரு போட்டா இன்னா, போடாங்காட்டி இன்னா? குழாய்ல தண்ணி வரப் போவுது."

"உனக்குக் கோவமே வரலியாடா? உன்னையும் சேத்துத்தான் அறியாமைன்னு எழுதிக்கீறான்."

"என்னையா?" டீ கிளாசைத் திண்டின்மேல் வைத்தான். "இன்னா சொல்ற? என்னன்னு எழுதிக்கீறான்?"

"பயிற்சி இல்லாத பிளம்பருன்னு."

"ங்கொய்யால, முப்பது வருசமா இந்த ஊருக்கே பைப்பு மாட்டிகினு கீறேன், எனக்கு டிரெய்னிங் இல்லியா? அவன் ஊட்ல ஒழுவுச்சுன்னா யார கூப்புடுவான் அவன்? எய்து அண்ணாத்தே! வுடாத, எய்து!"

இரண்டு நிமிடம் முன்னால் விட்டுவிடு என்று சொன்னவன்தான்.

எழுதிவிட்டேன். வரைவு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு காலக்கெடு உண்டு, அதற்கும் ஒரு படிவம் உண்டு என்று மகள் கண்டுபிடித்தாள். எந்தப் பக்கம், என்ன குறை, எப்படி மாற்ற வேண்டும் என்று மூன்று கட்டம். மேலே அனுப்புகிறவரின் பெயர், தகுதி. இந்தத் தடவை காலியாக விடவில்லை. தகுதிக் கட்டத்தில் "ஐந்தாம் வகுப்பு. பிளம்பர். குழாய் செய்பவர்" என்று என் கையாலேயே தமிழில் எழுதினேன். எழுத்து கோணல்தான். படிக்க முடியும்.

கமிட்டிக்காரர்கள் இப்போது வேறு ஊர் ஆய்வகத்தாரை அழைத்துக்கொண்டு மூன்று தொட்டியைப் பார்க்க வரவேண்டுமாம். கடிதம் வந்திருக்கிறது. வரட்டும். ஏணி அங்கேயேதான் இருக்கிறது, கதவையும் பூட்டமாட்டேன். தண்ணீர் விஷயத்தில் முரண்டு பிடித்து நல்ல விதியைக் கெடுக்கிறவன் நான் இல்லை. அந்த விதி வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். ஆனால் வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் வாசலில் இருக்கிற பலகையை ஒரு நிமிடம் நின்று படிக்கட்டும். என் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதவில்லை; எழுத வேண்டிய இடம் இது இல்லை. பலகையில் பெரிதாக இருக்கிறது, எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

படிவத்தில் நான் கேட்டிருப்பது இரண்டே திருத்தம். பதினான்காம் பக்கத்தில் "நிபுணர் குழு" என்பதை அடித்துவிட்டு, இந்தச் சோதனையை அமைத்தவர் அம்பத்தூரைச் சேர்ந்த இன்னார் என்று என் பெயரைப் போடுங்கள். ஒன்பதாம் பக்கத்தில் "பயிற்சி இல்லாத பிளம்பர்கள்" என்பதையும் அடியுங்கள்; சல்லடையைக் கழற்றச் சொல்லிக் கொடுத்தவர் இன்னார், காரணம் உப்பு என்று அங்கேயும் என் பெயரையே போடுங்கள். தப்பு என்னுடையது, அதை மற்றவன் தலையில் கட்டாதீர்கள். திருத்தியதும் என்னுடையது, அதை உங்கள் தலையில் சூடிக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கத்திலும் என் பெயர் வர வேண்டும்.